எம்எச்370: மறைத்தார்களா, குழப்பினார்களா? நெருக்கடிகாலத் தகவல்தொடர்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

2025 ஜூனில் நடந்த ஆமதாபாத் ஏர் இந்தியா விபத்துக்குப் பிறகு, தில்லித் தமிழர்கள் நாலு பேர் கூடினால் விமானப் பேச்சு வராமல் போவதில்லை. ராமகிருஷ்ணபுரத்துக் கோயில் வாசலானாலும் கரோல்பாக் மெஸ் மேசையானாலும், பேச்சு சுற்றிச் சுற்றிக் கடைசியில், 2014-இல் காணாமல்போன மலேசிய விமானம் எம்எச்370-இல் வந்து நிற்கிறது. அங்கே இரண்டு கட்சிகள். "மலேசிய அரசுக்கு எல்லாம் தெரியும், மூடி மறைத்துவிட்டார்கள்" என்பது ஒரு கட்சி. "விமானமே கிடைக்கவில்லை, பாவம், அவர்கள்தான் என்ன சொல்வார்கள்?" என்பது மற்றொன்று.

நடந்ததை இரண்டுமே விளக்கவில்லை. விமானம் எங்கே என்று தெரியாமல் போனது ஒரு துயரம். தெரியாததைத் தெரிந்ததுபோலவும், தெரிந்ததைத் தெரியாததுபோலவும் பேசியது வேறொரு தவறு. முன்னதைத் தவிர்த்திருக்க முடியுமா என்பது இன்றுவரை விவாதம். பின்னதை நிச்சயமாகத் தவிர்த்திருக்கலாம். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது தவறைப் பற்றியது.

இதற்கு நெருக்கடிகாலத் தகவல்தொடர்பு என்று பெயர். பேரிடர் நடந்துகொண்டிருக்கிறது, முழு உண்மை இன்னும் கைக்கு வரவில்லை. அந்த நிலையில் உறவினர்களுக்கும் பொதுமக்களுக்கும் தேடுபவர்களுக்கும் எதை, யார், எப்போது சொல்வது என்ற ஒழுங்குமுறை அது. மைக் முன்னால் தடுமாறாமல் பேசும் திறமை என்றே பலரும் இதை நினைக்கிறார்கள். பேச்சு இதில் கடைசிப் படி. தவறுகள் பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே, அலுவலகங்களுக்குள் நடந்துவிடுகின்றன.

அந்த இரவு, சுருக்கமாக

2014 மார்ச் 8, பின்னிரவு. மலேசியா ஏர்லைன்ஸின் போயிங் 777 விமானம் 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்டது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் சீனர்கள். இந்தியர்கள் ஐந்து பேர். மணி 1.19-க்கு விமானி அறையிலிருந்து கடைசியாக ஒரு குரல் கேட்டது. 1.21-க்கு விமானம் கட்டுப்பாட்டு அறையின் திரையிலிருந்து மறைந்தது. காலை 6.30-க்கு பெய்ஜிங்கில் இறங்கியிருக்க வேண்டியது, இறங்கவில்லை. 7.24-க்கு விமான நிறுவனம் முதல் அறிக்கையை வெளியிட்டது. விமானத்துடன் தொடர்பு அறுந்த நேரம் 2.40 என்று அதில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிசகு. பிறகு அதைத் திருத்தினார்கள்.

அந்தப் பிசகைக் கையெழுத்துப் பிழை என்று தள்ளிவிட முடியாது. ஒரு மணி இருபது நிமிடத்தில் இந்த வகை விமானம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். எங்கே தேடுவது என்பதே அந்த நேரத்தைப் பொறுத்தது.

பனிமூட்டத்தில் ஒரு ரயில்

தில்லியில் ஜனவரி மாதத்தைக் கழித்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. சென்னையிலிருந்து வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பனிமூட்டத்தில் சிக்கியிருக்கிறது. புதுதில்லி நிலையத்தில் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்காகக் காத்திருக்கும் கூட்டம். விசாரணை ஜன்னலில் நான்கு மணி நேரத் தாமதம் என்கிறார்கள். பலகை ஆறு மணி நேரம் என்கிறது. சால்வை போர்த்திய ஓர் அம்மாள் பக்கத்தில் நிற்கும் இளைஞரிடம், "தம்பி, வண்டி எங்கே வருகிறது, கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்கிறார். அவர் போனில் பார்த்துவிட்டு, "மதுராவைத் தாண்டிவிட்டது அம்மா" என்கிறார். ஆனால் வண்டி ஆக்ராவுக்கு இந்தப் பக்கமே வரவில்லை.

அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. ரயிலிலிருந்து உண்மையான தகவல் வராத நேரத்தில், இப்படிப்பட்ட செயலிகள் சில, கால அட்டவணையை வைத்துக் கணக்குப்போட்டு, வண்டி இந்நேரம் இங்கே இருக்க வேண்டும் என்று ஒரு புள்ளியைத் திரையில் நகர்த்திக்கொண்டே இருக்கும். அந்தப் புள்ளி ஒரு ஊகம். பார்ப்பவருக்கு அது வண்டியாகத் தெரிகிறது.

ஆக, காத்திருப்பவர்களிடம் சொல்லக்கூடியவை மூன்று வகை. நாமே உறுதி செய்தது: இன்ன நிலையத்தை இன்ன நேரத்தில் கடந்தது. கணக்கிட்டது: இப்போது இங்கே இருக்கலாம். தெரியாதது: எப்போது வந்து சேரும் என்பது. இந்த மூன்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டாமல் ஒரே தொனியில் அறிவித்தால், கேட்பவர் எல்லாவற்றையும் உண்மை என்றே எடுத்துக்கொள்வார். இரண்டு முறை அது பொய்த்தால், மூன்றாவது முறை வரும் உண்மையையும் நம்பமாட்டார்.

கம்போடியாவில் இல்லாத விமானம்

எம்எச்370 விஷயத்தில் இதேதான் நடந்தது, எழுத்துக்கு எழுத்து. விமானம் தங்களோடு பேசவில்லையே என்று வியட்நாமின் ஹோ சி மின் கட்டுப்பாட்டு அறை 1.40 மணிவாக்கில் கோலாலம்பூரிடம் கேட்டது. கோலாலம்பூர் விமான நிறுவனத்தைக் கேட்டது. நிறுவனத்தின் செயல்பாட்டு மையம் தன் திரையைப் பார்த்துவிட்டு, விமானம் கம்போடிய வான்பகுதியில் இருக்கிறது என்றது. அந்தப் பதில் வியட்நாமுக்குப் போனது. அவர்கள் குழம்பினார்கள், ஏனெனில் அன்றைய பாதை கம்போடியா வழியாகப் போவதே இல்லை. கம்போடியாவும் அப்படி எதுவும் இங்கே இல்லை என்றது.

3.30 மணிக்குத்தான் விமான நிறுவனம் கட்டுப்பாட்டு அறையிடம் உண்மையைச் சொன்னது: திரையில் தெரிந்தது பயணத் திட்டத்தை வைத்து முன்கூட்டிக் கணக்கிட்ட புள்ளி, விமானத்தின் இருப்பிடமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. அதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தை முறைப்படி உசுப்பியபோது மணி 5.30.

இதில் யாரும் எதையும் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓர் ஊகம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும்போது தன் பெயர்ச்சீட்டைத் தொலைத்துவிட்டு உண்மையாகிவிட்டது. பத்திரிகையாளர் சந்திப்பு எதுவும் தொடங்குவதற்கு முன்பே தகவல்தொடர்பு தோற்றுவிட்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம்: உறுதியானது, கணக்கிட்டது, தெரியாதது என்று மூன்றையும் பிரித்துச் சொல்வதுதான் அடிப்படை. அந்தப் பிரிவினை அலுவலகத்துக்குள்ளேயே தொலைந்தால், வெளியே எவ்வளவு அழகாகப் பேசினாலும் பயனில்லை.

ஒரு விமானம், பல வாய்கள்

அடுத்து வந்த வாரம் இன்னும் மோசம். இதைப் புரிந்துகொள்ள ரேடாரைப் பற்றி இரண்டு வரி தேவை. சாதாரண விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு பெரிதும் நம்பியிருப்பது டிரான்ஸ்பாண்டரை. தரையிலிருந்து கேள்வி வந்தால், நான் இன்ன விமானம், இன்ன உயரத்தில் இருக்கிறேன் என்று தானாகப் பதில் அனுப்பும் கருவி அது. அது நின்றுபோனால் அந்தத் திரையில் விமானம் மறையும். இராணுவ ரேடார் பதிலை எதிர்பார்ப்பதில்லை. அலைகளை அனுப்பி, எதிலாவது மோதித் திரும்புவதைப் பார்க்கிறது. அதில் ஒரு பொருள் தெரியும். அது எந்த விமானம் என்று மட்டும் தெரியாது.

1.21-க்குப் பிறகு மலேசிய இராணுவ ரேடாரில் ஒரு பொருள் மேற்கே திரும்பி, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, மலாக்கா நீரிணைக்கு மேல் 2.22 வரை போனது பதிவாகியிருந்தது. உலகமோ பெரும்பாலும் கிழக்கே தென்சீனக் கடலில் தேடிக்கொண்டிருந்தது.

மார்ச் 9 அன்று, விமானம் திரும்பியிருக்கக்கூடும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். காரணத்தை விளக்கவில்லை. மார்ச் 11 அன்று, மலாக்கா நீரிணைவரை ரேடாரில் தெரிந்ததாக விமானப்படைத் தளபதி ரோட்ஸாலி தாவூத் சொன்னார் என்று உள்ளூர் நாளிதழ் ஒன்று எழுதியது. மறுநாளே தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மறுத்தார். ஆனால் அதே நாள் கூட்டத்தில், பினாங்குக்கு வடமேற்கே ஓர் அடையாளம் தெரியாத பொருள் பதிவாகியிருப்பதாகவும் சொன்னார்கள். மார்ச் 15 அன்று பிரதமர் நஜீப் ரசாக், திரும்பிப் போனது அந்த விமானம்தான் என்றும், யாரோ வேண்டுமென்றே அதைத் திருப்பியிருப்பதாகத் தெரிகிறது என்றும் அறிவித்தார். தென்சீனக் கடல் தேடல் அன்றோடு முடிந்தது.

நான்கு பேர் நான்கு துறைகளிலிருந்து பேசினார்கள்: பிரதமர், பாதுகாப்பையும் போக்குவரத்தையும் ஒருசேரப் பார்த்த அமைச்சர் ஹிஷாமுதீன் ஹுசைன், சிவில் விமானத் துறைத் தலைவர், விமானப்படைத் தளபதி. போதாததற்குக் காவல்துறைத் தலைவரும் விமான நிறுவனமும். ஐந்து பயணிகள் பதிவு செய்துவிட்டு ஏறவில்லை, அவர்களுடைய பெட்டிகளை இறக்கினோம் என்று ஒருவர் சொன்னார். அப்படி யாருமே இல்லை என்று அடுத்தவர் மறுத்தார். தாங்கள் கேட்பதற்கு மலேசியாவிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்று வியட்நாம் தன் தேடலைக் குறைத்துக்கொண்டது. தகவல்தொடர்பு என்பது வெறும் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். கப்பல்களும் விமானங்களும் எந்தக் கடலில் இருக்க வேண்டும் என்பதை அறிவிப்புகளே தீர்மானிக்கின்றன.

ஒரே குரல் என்ற விதி இங்கேதான் வருகிறது. பலரும் இதை, ஒருவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று புரிந்துகொள்கிறார்கள். அது சர்வாதிகாரத்துக்குத்தான் உதவும். இதன் பொருள் வேறு: எல்லாத் துறைகளின் தகவலும் ஒரே மேசைக்கு வந்து, அங்கே சரிபார்க்கப்பட்டு, பிறகு வெளியே போக வேண்டும். பேசுபவர் யாராகவும் இருக்கட்டும். சரிபார்க்கும் மேசை ஒன்றாக இருக்க வேண்டும்.

"பொய்" என்பதும் "உறுதி செய்யவில்லை" என்பதும்

எனக்கு மிகவும் ஆத்திரம் தருவது இந்த இடம். ரேடாரில் ஏதோ தெரிந்தது, அது எம்எச்370 தானா என்று உறுதியில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "ஒரு பொருள் பதிவாகியிருக்கிறது. எந்த விமானம் என்று ஆய்வு செய்கிறோம். அதனால் மேற்கிலும் தேடுகிறோம்" என்று முதல் இரண்டு நாட்களிலேயே மூன்று வாக்கியங்களில் முடித்திருக்கலாம். அதற்குப் பதிலாக வந்தது மறுப்பு. மறுத்த செய்தி நான்கு நாட்களில் பிரதமர் வாயாலேயே உண்மையானது.

உறுதி செய்யாத ஒன்றை மறுப்பதும் ஓர் உறுதிமொழிதான். இது நடக்கவில்லை என்று உறுதி கூறுகிறோம். அது உடையும்போது, அரசு சொன்ன மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழுகிறது. மறைத்துவிட்டார்கள் என்ற கட்சி அன்றைக்குத்தான் பிறந்தது என்பேன்.

சிறு பிழைகளும் அப்படித்தான். விமானி அறையின் கடைசிச் சொற்கள் "சரி, குட் நைட்" என்ற பொருளில் முதலில் வெளியாயின. ஏறத்தாழ மூன்று வாரங்கள் அப்படியே இருந்தது. மார்ச் மாதக் கடைசியில்தான், உண்மையில் சொன்னது "குட் நைட், மலேசியன் த்ரீ செவன் ஜீரோ" என்று திருத்தம் வந்தது. தேடலுக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் ஒலிப்பதிவு கையில் இருக்கும்போதே ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்ல முடியாதவர்கள் வேறு எதைச் சரியாகச் சொல்வார்கள் என்று உறவினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அளவுக்கு மீறிய உறுதி

தயங்கியது ஒரு தவறு என்றால், அவசரப்பட்டு உறுதி கூறியது எதிர்த்திசைத் தவறு. ரேடாரிலிருந்து மறைந்த பிறகும், விமானத்தின் கருவி ஒன்று ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை இன்மார்சாட் செயற்கைக்கோளுக்குத் தன் இருப்பை உணர்த்தும் சிறு சைகை அனுப்பியிருந்தது. கடைசியாகக் காலை 8.19-க்கு. இடம் அதில் இல்லை. சைகை வந்துசேர எடுத்த நேரத்தையும் அலைவரிசையில் தெரிந்த நுண்ணிய மாற்றத்தையும் வைத்துக் கணக்கிட்டு, விமானம் தெற்கு இந்தியப் பெருங்கடல் பக்கம் போயிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். கணக்கு வலுவானது, ஆனாலும் அது கணக்கு. ஒரு துண்டுகூட அப்போது கிடைத்திருக்கவில்லை.

மார்ச் 24 அன்று பிரதமர், பயணம் தெற்கு இந்தியப் பெருங்கடலில் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். அதே நேரத்தில், யாரும் உயிர் பிழைக்கவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது என்று விமான நிறுவனம் உறவினர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது. நேரிலும் போனிலும் எட்டாதவர்களுக்குக் கடைசி வழியாகத்தான் அதை அனுப்பினோம் என்று பிறகு விளக்கினார்கள். இருக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளையின் மரணம் போன் திரையில் இரண்டு வரியாக வந்தது என்பதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. மறுநாள் பெய்ஜிங்கில் உறவினர்கள் மலேசியத் தூதரகத்துக்கு ஊர்வலம் போனார்கள்.

2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் இறக்கையின் ஒரு பாகம் ஒதுங்கியபோதும் இதே கதை. ஆகஸ்டில் நஜீப், அது எம்எச்370-இன் பாகம் என்று முடிவாக உறுதியாகிவிட்டதாக அறிவித்தார். அதே மாலையில், அந்தப் பாகத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்த பிரான்சின் அரசு வழக்கறிஞர், மிக வலுவான அனுமானம் இருக்கிறது என்று மட்டுமே சொன்னார். செப்டம்பரில் பிரான்சும் உறுதி செய்தது. நஜீப் சொன்னது கடைசியில் சரிதான். ஆனால் ஒரே பொருளைப் பற்றி ஒரே நாளில் இரண்டு அரசுகள் இரண்டு அளவு உறுதியோடு பேசினால், நடுவில் நிற்கும் தாய் எதை நம்புவார்?

சுருக்கம்: மறுக்கும்போதும் உறுதி செய்யும்போதும் கேள்வி ஒன்றுதான், கையில் உள்ள ஆதாரம் எந்த அளவுக்குத் தாங்கும்? அந்த அளவுக்கு மட்டும் பேசுவது. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

தகவல் வெற்றிடம்

மக்களுக்குக் கேள்வி இருக்கிறது, நம்பத்தகுந்த பதில் இல்லை. இந்த நிலைக்குத் தகவல் வெற்றிடம் என்று பெயர். அது காலியாகவே இருப்பதில்லை, வதந்தி வந்து உட்கார்ந்துவிடும். கடத்தல், இரகசியத் தீவு, வேற்றுக்கிரகவாசி என்று எம்எச்370 பற்றி உலவாத கதை இல்லை.

அரசிடம் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாத நேரத்திலும் வெற்றிடத்தைத் தடுக்க முடியும் என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. "புதிய தகவல் இல்லை. இன்ன இடத்தில் இத்தனை கப்பல்கள் தேடுகின்றன. மாலை ஆறு மணிக்கு மறுபடி பேசுவோம்" என்பதும் தகவல்தான். மாலை ஆறு மணிக்கு வந்து பேசினால், அந்த ஒரு வாக்குறுதி காப்பாற்றப்பட்டது என்பதே நம்பிக்கைக்குப் போதுமான தொடக்கம்.

உறவினர்களுக்கு முதலில், ஊடகங்களுக்குப் பிறகு என்பது இதில் இன்னொரு விதி. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டிலேயே விமான விபத்துக் குடும்பங்களுக்கான உதவி பற்றித் தனிச் சட்டம் வந்தது. விபத்து பற்றிய விவரங்களை, பொது அறிவிப்புக்கு முன்பே குடும்பங்களுக்குச் சொல்ல ஏற்பாடு செய்யும் பொறுப்பை அது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்திடம் கொடுத்தது.

கிடைக்காதது குற்றமல்ல

கடலில் விழுந்த விமானத்தைக் கண்டுபிடிப்பது எவருக்கும் கடினம். 2009-இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானம் கடலடியில் கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. 2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட நம் விமானப்படையின் ஏஎன்-32, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அடையாளம் காணப்பட்டது 2024 ஜனவரியில்தான். ஆகவே கிடைக்கவில்லை என்பதற்காக மலேசியாவைக் குறைசொல்வது நியாயம் இல்லை. 2018 ஜூலையில் வந்த மலேசியாவின் இறுதி அறிக்கையே, காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று வெளிப்படையாக எழுதியது. அந்த இரவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் நடந்த குறைகளையும் பட்டியலிட்டது. சிவில் விமானத் துறைத் தலைவர் பதவி விலகினார். தெரியவில்லை என்று தெளிவாகச் சொன்ன அந்த ஆவணம், நான்கு ஆண்டுகளில் வந்த அறிவிப்புகளிலேயே நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது.

தில்லியிலும் இதே கேள்வி

இது மலேசியாவின் தனிக் குணம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா விமானத்தின் முதற்கட்ட அறிக்கையைத் தில்லியின் விமான விபத்து விசாரணைப் பிரிவு ஒரு மாதத்தில் வெளியிட்டது. காலக்கெடுவைக் காப்பாற்றினார்கள், அது பாராட்டத்தக்கது. ஆனால் வெளியிட்டது நள்ளிரவு கடந்து. எரிபொருள் விசைகள் இரண்டும் அடுத்தடுத்து நிறுத்தும் நிலைக்குப் போயின என்றது அறிக்கை. ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு விமானி கேட்பதாகவும், நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொல்வதாகவும் ஒரு வரி. கேட்டவர் யார், சொன்னவர் யார், முன்னும் பின்னும் என்ன பேசினார்கள் என்பது இல்லை.

முதற்கட்டத்தில் எல்லாவற்றையும் வெளியிட முடியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பாதி வரியைக் கொடுத்துவிட்டு மீதியை விட்டால், மீதியை ஊர் எழுதும். எழுதியது. விடிவதற்குள் இறந்த விமானிகளைக் குற்றவாளிகளாக்கிய செய்திகள் தமிழ்க் குழுக்களிலும் வந்துவிட்டன. அந்த வரியைக் கொடுப்பதென்றால், இதிலிருந்து என்ன முடிவுக்கு வர முடியாது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

எப்படிச் சொல்லியிருக்கலாம்?

கடைசியாக ஒரு பயிற்சி. மார்ச் 8 காலை 7.24-க்கு வெளியான அந்த முதல் அறிக்கையை, மேலே பார்த்த விதிகளின்படி எழுதிப் பார்க்கலாம்.

"எம்எச்370 இன்னும் பெய்ஜிங் சேரவில்லை. விமானியுடன் கடைசியாகப் பேசியது 1.19-க்கு. 1.21-க்கு ரேடார் திரையிலிருந்து விமானம் மறைந்தது. வியட்நாம் கட்டுப்பாட்டு அறையுடன் அது பேசவே இல்லை. இரவில் எங்கள் திரை ஒன்று கம்போடியாவைக் காட்டியது. அது கணக்கிட்ட இடம், தவறானது. விமானம் எங்கே இருக்கிறது, என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. 5.30 முதல் மீட்பு மையம் இயங்குகிறது. இராணுவ ரேடார் பதிவுகளையும் கேட்டிருக்கிறோம். குடும்பத்தினரை ஒவ்வொருவராக அழைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒன்பது மணிக்கு மறுபடி தகவல் தருவோம்."

இராணுவப் பதிவு, குடும்பங்கள், ஒன்பது மணி ஆகிய மூன்றும் அவர்கள் செய்திருக்க வேண்டியவை. மற்ற ஒவ்வொரு நேரமும், கம்போடியா திருத்தம் உட்பட, 7.24-க்கு முன்பே விமான நிறுவனத்தின் அல்லது கட்டுப்பாட்டு அறையின் பதிவேடுகளில் இருந்தது.